ஊசி காட்டும் வடக்கு

பாறசாலைக்குக் கிழக்கே, களியக்காவிளை எல்லைக்குக் கூப்பிடு தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில், நம் சங்கத்தைச் சேர்ந்த இரு குடும்பங்கள் சென்ற கோடையில் ஒரு மதிலின் பொருட்டுப் பேச்சை முறித்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டன. ஊரின் பெயரையோ குடும்பங்களின் பெயரையோ இங்கே குறிக்கப் போவதில்லை. இரு வீட்டாரும் இவ்விதழை வாசிப்பவர்கள். இதை எழுதுமாறு சொன்னவர்களும் அவர்களே.

அண்ணன் தம்பி இருவர்க்குப் பாகம் பிரிந்த தென்னை விளை அது. அண்ணன் காலமாகிவிட்டார். அவர் மகன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். தாயார் மட்டும் வீட்டில் இருக்கிறார். தம்பியின் மக்கள் அடுத்த விளையிலேயே குடியிருக்கிறார்கள். நாற்பது நாள் விடுப்பில் வந்த மகன், போவதற்குள் மதில் எழுப்பிவிட வேண்டும் என்று துணிந்தார். பாகப்பத்திரம் மலையாளத்தில் உள்ளது. அதனோடு இணைத்த வரைபடத்தின் குறிப்புகளோ தமிழில் உள்ளன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதன்பின் இவ்விரு தாலுகாக்களின் ஓரத்தில் எழுந்த பத்திரங்கள் பலவும் இப்படி இரு மொழியில் பேசுவனவே. அந்த வரைபடம் கூறுவது இது: தெருமுனைக் கல்லிலிருந்து வடக்குக்குக் கிழக்கே 28 பாகையில் 250 கண்ணி சென்றால் பலாமரம், அதுவே எல்லை. நூறு கண்ணி ஒரு சங்கிலி; ஒரு சங்கிலி அறுபத்தாறு அடி. ஆகவே இது ஏறக்குறைய 50 மீட்டர் நீளமுள்ள கோடு.

அந்தப் பலாமரம் இப்போது இல்லை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் இவ்வட்டாரத்தை உலுக்கியபோது வீழ்ந்தது. மார்த்தாண்டவர்மர் ஒளிந்திருந்தார் என்று கூறப்படும் நெய்யாற்றின்கரைக் கோயிலின் அம்மச்சிப் பிலாவைக் காப்பதுபோல் எல்லா மரங்களையும் யார் காக்கப் போகிறார்கள்? வேர்க்கட்டையும் கறையானுக்கு இரையாகிவிட்டது.

மரம் போனால் என்ன, பாகைதான் எழுதியிருக்கிறதே என்று அண்ணன் மகன் தம் கைப்பேசியில் உள்ள திசைகாட்டியைத் திறந்து, தெருமுனைக் கல்லின்மேல் நின்று, 28 பாகைக்குக் கயிறு கட்டினார். ஆட்கள் குழி தோண்டத் தொடங்கினர். தம்பி மகன் ஓடிவந்தார். அவரும் தம் கைப்பேசியை எடுத்து அதே கல்லின்மேல் நின்று அதே 28 பாகையைப் பார்த்தார். அவருடைய கயிறு ஐந்தே முக்கால் அடி மேற்கே விழுந்தது. இரண்டு கயிற்றுக்கும் நடுவே, காய்த்துக் குலுங்கும் ஒரு தென்னை.

இரண்டு கயிறும் கல்லில் தொடங்கி விரிந்து செல்கின்றன. இடையே அகப்பட்ட முக்கோண நிலம் ஏறக்குறைய ஒரு சென்ட். ஒரு சென்ட் என்றால் என்ன விலை என்பதை இவ்வட்டாரத்து வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சங்கத்தின் பேரால் நம்மையும் அழைத்தார்கள். நாம் நில அளவை கற்றவரல்லோம். பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்தி இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவர். ஆயினும் நம்மிடம் பித்தளைத் திசைகாட்டி ஒன்று உண்டு என்பது ஊரறிந்த செய்தி. அதை எடுத்துச் சென்று, நீதிபதியைப்போல் நடுவில் நின்று பார்த்தோம். நம் ஊசி இருவர் கயிற்றுக்கும் வெகு தொலைவில் மூன்றாவது கோடு ஒன்றைக் காட்டிற்று! திண்ணையில் இருந்த பெரியம்மை, “வடக்கு ஒண்ணுதானே மக்களே, உங்களுக்கு மட்டும் எப்படி மூணு வடக்கு வந்துது?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் விடையில்லை. பிறகு தேடிப் படித்து அறிந்ததையே இம்மாதம் எழுதுகிறோம்.

முதலில் நம் பிழையைச் சொல்லிவிடுவோம். நாம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இரும்புக் கதவு ஒன்று சாத்தியிருந்தது. இரும்பு அருகில் இருந்தால் காந்த ஊசி நிலத்தை விட்டு அதனைப் பார்க்கத் தொடங்கிவிடும். நாள்தோறும் தண்டவாளத்தின் ஓரத்தில் உழல்கின்ற நாம் இதை மறந்தது வெட்கத்துக்குரியது. கதவைவிட்டுப் பல அடி தள்ளிவந்து பார்த்தபோது நம் ஊசி தம்பி மகனின் கைப்பேசியோடு ஏறக்குறைய ஒத்துவந்தது. மூன்று வடக்கில் ஒன்று ஒழிந்தது. மற்ற இரண்டும் பொய்யல்ல என்பதுதான் வியப்பு.

பூமி ஓர் அச்சைப் பற்றிச் சுழல்கிறது. அவ்வச்சின் வடமுனை இருக்கும் திசையே மெய்வடக்கு. வரைபடங்களில் மேல்நோக்கிச் செல்லும் தீர்க்கரேகைகள் அதனையே நோக்கிச் செல்கின்றன. காந்த ஊசியோ அச்சை அறியாது. பூமியின் நடுவே உருகிய நிலையில் சுழன்றுகொண்டிருக்கும் இரும்புக் குழம்பிலிருந்து எழும் காந்தப் புலம், தான் நிற்கும் இடத்தில் எப்படி ஓடுகிறதோ அப்படியே அது திரும்பி நிற்கும். இது காந்த வடக்கு. இவ்விரு வடக்குக்கும் இடைப்பட்ட கோணத்தைத் தமிழ்ப் பாடநூல்கள் காந்த ஒதுக்கம் என்கின்றன. நல்ல சொல். ஊசி பிழை செய்யவில்லை. சிறிது ஒதுங்கி நிற்கிறது, அவ்வளவே.

எந்தப் பக்கம், எவ்வளவு ஒதுங்கும் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் இப்போது மெய்வடக்குக்கு மேற்கே சுமார் இரண்டு பாகைக்குள் நிற்கிறது. தில்லியிலோ கிழக்கே ஒதுங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையே எங்கோ ஊசியும் அச்சும் ஒன்றுபடும் கோடு ஓடுகிறது. எட்மண்ட் ஹாலி என்ற ஆங்கில வானநூலார் (வால்மீனுக்குப் பெயர் தந்தவர் அவரே) 1698 முதல் 1700 வரை கப்பலில் அட்லாண்டிக் கடலைச் சுற்றி, ஒத்த ஒதுக்கமுள்ள இடங்களையெல்லாம் கோடுகளால் இணைத்து 1701-இல் ஒரு படம் வெளியிட்டார். மாலுமிகளுக்கு அது பெருந்துணையாயிற்று. ஆனால் அந்தப் படத்துக்கு ஒரு குறை உண்டு. அது பழையதாகிவிடும்.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். மலை அசையாது, கோயில் அசையாது, ஊசி அசையும். இலண்டனில் 1580-இல் ஊசி கிழக்கே 11 பாகை ஒதுங்கி நின்றது. அதுவே மெல்ல மெல்ல நகர்ந்து 1820-ஐ ஒட்டி மேற்கே 24 பாகைக்குச் சென்றது. பின்னர் திரும்பிவந்து, 2019-இல் கிரீனிச்சில் மெய்வடக்கைத் தொட்டது. வடகாந்த முனையை 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் வடகோடியில் கண்டார். இன்று அது அங்கில்லை. வடதுருவத்தின் பக்கமாகக் கடந்து சைபீரியாவை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஐம்பது கிலோமீட்டர் அளவு ஓடியது. ஆகையால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உலகக் காந்தப் படம் புதிதாகக் கணிக்கப்படுகிறது. கடைசியாக 2024 டிசம்பரில் வெளியாயிற்று. நம் கைப்பேசிகள் கைக்கொள்வது இத்தகைய கணக்கையே.

இப்போது தென்னை விளைக்கு வருவோம். அண்ணன் மகனின் கைப்பேசி, தான் இருக்கும் ஊரை அறிந்து, ஒதுக்கத்தைத் தானே திருத்தி, மெய்வடக்கைக் காட்டுமாறு அமைக்கப்பட்டிருந்தது. தம்பி மகனின் கைப்பேசி அவ்வாறு திருத்தாமல் காந்த வடக்கையே காட்டியது. வேறுபாடு இரண்டு பாகை. 50 மீட்டர் நீளத்தில் இரண்டு பாகை என்பது 1.75 மீட்டர். அதுதான் அந்த ஐந்தே முக்கால் அடி! இருவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்று எண்ணினர். இருவர் கையிலும் இருந்தது மெய்யே.

பிறகு எது சரி? வரைபடத்தை எழுதியவர் சங்கிலியும் ஊசியும் கொண்டு அளந்தவர். அவர் எழுதிய 28 பாகை ஊசியின் பாகையே என்பதில் ஐயமில்லை. அதனால் தம்பி மகன் வென்றார் என்று கூட்டத்தில் சிலர் கூறினர். அதுவும் பொருந்தாது. அவர் அளந்தது 1960-களின் ஊசி, இன்றைய ஊசியன்று. அன்றைக்கு ஊசி எங்கே நின்றது என்று அறியாமல், இன்றைய ஊசியைக் கொண்டு அன்றைய கோட்டை எழுப்ப இயலாது. இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களில் (நம் பகுதி 58 எச் என்ற எண்ணுக்குள் அடங்கும்) விளிம்பில் காந்த ஒதுக்கத்தைப் பொறிக்கும்போது அது எந்த ஆண்டுக்குரியது என்பதையும் சேர்த்துப் பொறிப்பது இதனால்தான். இடமும் ஆண்டும் சொல்லாத பாகை, நாளும் கிழமையும் எழுதாத அழைப்பிதழைப் போன்றது.

இவ்வளவும் ஏதோ அயல்நாட்டார் கண்டறிந்து நமக்குச் சொன்ன செய்தி என்று வாசகர் எண்ண வேண்டா. ஊசியின் இந்த நுண்ணிய நடையை அளந்து உலகுக்குச் சொன்ன இடங்களுள் ஒன்று, நம் வீட்டு வாசலிலிருந்தே கண்ணுக்குத் தெரிகிறது.

மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும் காலையில், பாறசாலையிலிருந்து வடக்கே சற்றுக் கிழக்காகப் பார்த்தால் அகத்தியர் மலையின் கூம்பு தெரியும். உயரம் 1,868 மீட்டர். நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்குச் சிறிது கூடுதலான தொலைவு. நெய்யாறு அதன் மேற்குச் சரிவில் பிறந்து நம் பக்கம் வருகிறது. பொருநை கிழக்குச் சரிவில் பிறந்து திருநெல்வேலிக்குச் செல்கிறது. நம் சங்கத்தில் பாதிப்பேர் இந்த ஆற்றங்கரையார், மீதிப்பேர் அந்த ஆற்றங்கரையார். தாய்வீடு இரண்டுக்கும் ஒன்றே.

திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837-இல் திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். ஆலப்புழையில் வணிக அலுவல் பார்த்துக்கொண்டிருந்த ஜான் கால்டிகாட் என்பவர் அதன் முதல் இயக்குநர். உலகெங்கும் ஒரே காலத்தில் காந்த ஊசியின் அசைவைப் பதிய வேண்டும் என்று ஐரோப்பிய அறிஞர்கள் முயன்ற காலம் அது. அம்முயற்சியில் திருவனந்தபுரமும் பங்கு கொண்டது. 1849-இல் கால்டிகாட் இறந்தபின், 1852-இல் ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பொறுப்பேற்றார். அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. ஊசி ஒரே நாளிலேயே காலையில் ஒருபுறமும் மாலையில் மறுபுறமுமாகச் சிறிது ஆடுகிறது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு கூறாகிய கலைக் கணக்கில் உள்ள ஆட்டம். இந்த ஆட்டம் கடலோரத்தில் ஒருவிதமாகவும் மலையுச்சியில் வேறுவிதமாகவும் இருக்குமோ?

அதைக் காண அவர் 1855-இல் அகத்தியர் மலையின் உச்சியருகே, ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்தில், ஓர் ஆய்வுக் குடில் அமைத்தார். இன்றும் அவ்வுச்சிக்குச் சக்கரம் செல்லும் வழி கிடையாது. ஆகவே மரம், கருவி, உணவு அனைத்தும் மனிதர் சுமந்தே ஏறியிருக்க வேண்டும். திருவனந்தபுரத்துக்கும் மலைக்கும் நேர்கோட்டில் சுமார் 35 கிலோமீட்டர். கீழே ஓர் ஊசி, மேலே ஓர் ஊசி. இரண்டையும் ஒத்த நேரங்களில் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். தொலைபேசி இல்லாத நாள். இரவிலும் விழித்திருந்து எண்களை எழுதிக் குவித்த உதவியாளர்கள் இந்நாட்டவரே. ஊசியாட்டத்தின் பக்கங்களைக் காணும்போது, கணக்குப் புத்தகத்தில் வண்டி எண்களை நிரப்பி நிரப்பிக் கை நோகும் நமக்கு அவர்கள்மேல் தனி அன்பு உண்டாகிறது. வேலை ஒன்றே; பொருள்தான் வேறு.

1865-இல் பிரவுன் ஊர் திரும்பினார். திருவனந்தபுரத்திலும் அகத்தியர் மலையிலும் கண்ட காந்த ஒதுக்க அளவுகளின் பெருந்தொகுதி 1874-இல் இலண்டனில் அச்சாயிற்று. அதன் தலைப்பிலேயே அகத்தியர் மலையின் பெயர் நிற்கிறது. பிரவுன் கண்ட செய்திகளுள் ஒன்று நம் ஊருக்கே உரியது. இங்கே ஊசியின் காலையாட்டம் ஆண்டின் நடுமாதங்களில் ஒரு பக்கமாகவும் ஆண்டிறுதி மாதங்களில் அதற்கு எதிர்ப்பக்கமாகவும் செல்கிறது. கதிரவன் வடக்கே சென்றால் ஒரு முறை, தெற்கே சென்றால் ஒரு முறை. பூமியின் காந்த நடுக்கோடு நம் பக்கமாகச் செல்வதால் நேர்வது இது. அந்த நடுக்கோட்டின் அருகில் ஊசி வடக்கு நோக்கியும் தெற்கு நோக்கியும் தலை கவிழாமல் ஏறக்குறைய மட்டமாகக் கிடக்கும். 1963 நவம்பர் 21-இல் நாட்டின் முதல் ஆய்வு இராக்கெட்டை விடுவதற்குத் தும்பாவைத் தேர்ந்ததும் இதே காந்த நடுக்கோட்டின் பொருட்டே. வடக்கே தேவரெல்லாம் கூடி நிலம் சாய்ந்தபோது, அதைச் சமன் செய்யத் தென்திசைக்கு வந்தவர் அகத்தியர் என்பது நம் முன்னோர் கதை. அவர் மலையில் ஊசியும் சமனாகக் கிடக்கிறதே என்று நாம் மகிழ்ந்து கொள்வதில் அறிவியலுக்கு ஒரு நட்டமும் இல்லை.

மலைமேல் ஏறிய ஊசியைப் பற்றிச் சொன்னோம்; இடம் பெயர்ந்த ஊசி ஒன்றும் உண்டு. பம்பாய்க் கொலாபாவில் 1841 முதல் காந்த ஆய்வு நிலையம் ஒன்று நடந்துவந்தது. நகரத்து டிராம் வண்டிகளை மின்சாரத்தில் ஓட்டப் போகிறார்கள் என்று அறிந்ததும், அந்த மின்னோட்டம் ஊசியைக் கலைத்துவிடும் என்று, நிலையத்தை விரிகுடாவுக்கு அப்பால் உள்ள அலிபாகில் 1904-இல் புதிதாக அமைத்தார்கள். டிராம் வண்டிகள் பம்பாயை விட்டு 1964-இலேயே போய்விட்டன. அலிபாக் நிலையம் இன்றும் பதிந்துகொண்டிருக்கிறது. நம் இரும்புக் கதவுப் பிழைக்கு இவ்வளவு பெரிய துணை கிடைத்ததில் சிறிது ஆறுதல்.

நம் குடும்பத்துப் பிள்ளைகள் அயல்நாடுகளில் இருக்கிறார்களே, அவர்கள் பொருட்டும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே இரண்டு பாகைக்குள் ஒதுக்கம் உள்ளதால், திசைகாட்டி என்றால் வடக்குக் காட்டுவது என்ற எண்ணத்தோடேயே நாம் வளர்ந்து விடுகிறோம். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் ஒதுக்கம் இல்லையென்றே சொல்லலாம். வளைகுடா நாடுகளில் கிழக்கே சுமார் இரண்டு முதல் நான்கு பாகை. ஆனால் சிட்னியில் கிழக்கே ஏறக்குறைய 13. கனடாவின் வான்கூவரில் கிழக்கே 15 அளவு. அதே கனடாவின் டொராண்டோவில் மேற்கே 10 அளவு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிழக்கே 20! அங்குள்ள மலைக்காட்டில், வரைபடத்தில் பார்த்த பாகையைத் திருத்தாமல் ஊசியில் வைத்து ஒரு கிலோமீட்டர் நடந்தால், சேர வேண்டிய இடத்துக்குச் சுமார் 350 மீட்டர் தள்ளிப் போய் நிற்க நேரும். இருட்டும் வேளையில் அது குடிசைக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு.

திருத்தும் முறை எளிது. ஊசி மேற்கே ஒதுங்கும் ஊரில், வரைபடத்துப் பாகையோடு ஒதுக்கத்தைக் கூட்டினால் ஊசியின் பாகை வரும். கிழக்கே ஒதுங்கும் ஊரில் கழிக்க வேண்டும். பாறசாலையிலிருந்து அகத்தியர் மலை வரைபடத்தில் 20 பாகை என்று வைத்துக்கொண்டால், நம் ஊசியில் அது 22 அளவாகத் தெரியும். அப்பாகையையே ஆக்லாந்தில் ஒருவர் வரைபடத்தில் பார்த்தால், அவர் ஊசியில் அது சுழி. அதாவது ஊசி காட்டும் வடக்கை நோக்கி நேரே நடக்க வேண்டும்.

விமான ஓடுபாதைகளின் எண்களும் ஊசியின் பாகையே. திருவனந்தபுரத்து ஓடுபாதையின் ஒரு முனையில் 14 என்று எழுதியிருக்கும். 140 பாகையை ஒட்டிய திசை என்பது பொருள். ஊசி நகர நகர எண்ணும் பழையதாகும். அமெரிக்காவின் டாம்பா நகரில் 2011-இல் அவ்வாறு எண்ணை அழித்து மாற்றி எழுதினார்கள்.

ஊசியை நம்பாமல் மெய்வடக்கைக் காண வழியுண்டா? உண்டு. துருவ நட்சத்திரம் இருக்கிறதே என்பர் சிலர். நம் ஊரில் அது அடிவானத்துக்கு மேலே எட்டுப் பாகை உயரத்தில்தான் நிற்கும். தென்னந்தோப்புக்கு நடுவே அதைத் தேடிக் கண்டவர் குறைவு. கோயிலுக்கு மனை வகுக்கும் சிற்பிகள் கைக்கொண்ட சங்கு முறை மேலானது. மட்டமான தரையில் மூன்றடிக் கோல் ஒன்றை நேர்குத்தாக நட்டு, அதன் அடியை நடுவாக வைத்து மூன்றடிக் கயிற்றால் வட்டம் போடுங்கள். முற்பகலில் கோலின் நிழல்நுனி சுருங்கிக்கொண்டே வந்து வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு முளை. பிற்பகலில் நீண்டு சென்று தொடும் இடத்தில் ஒரு முளை. இரண்டையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தாகக் கோலின் அடிவழியே ஒரு கோடு போட்டால் அதுவே மெய்வடக்கு. அதன்மேல் திசைகாட்டியை வைத்துப் பாருங்கள். மூன்றடிக் கோட்டின் முனையில் இரண்டு பாகை என்பது ஒன்றேகால் அங்குலம். நாமும் நம் பிள்ளைகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தோம். ஏறக்குறைய ஓர் அங்குலம் மேற்கே ஊசி நின்றது. மூத்தவனுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. தாயார் மட்டும், முற்றத்து வட்டத்தைக் கண்டு யாரோ செய்வினை வைத்துவிட்டதாகப் பதறிப்போனார்.

ஆயினும் நில எல்லைக்கு இவை எவையும் உதவா என்பதைத் திண்ணமாகச் சொல்ல விரும்புகிறோம். கைப்பேசித் திசைகாட்டி இரண்டு பாகையை நம்பத் தகுந்ததன்று. கைப்பேசி உறையின் மூடியில் உள்ள சிறு காந்தமே அதை ஐந்து பாகை தள்ளிவிடப் போதும். எல்லையை உரைப்பவை நட்ட கற்களும், அவற்றுக்கிடையே அளந்த நீளங்களும், தாலுகா அலுவலகத்துப் புலப்படமுமே. கேரளத்தில் 2022 நவம்பரில் தொடங்கிய டிஜிட்டல் மறு அளவையில் ஊசிக்கு இடமே இல்லை. செயற்கைக்கோள் துணைகொண்டு இடம் குறிக்கிறார்கள். அளவர்கள் வரும்போது எல்லை காட்டுவதற்கு ஆளில்லாத விளைகளில்தான் பின்னால் வழக்கு முளைக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் உறவினர் ஒருவர்க்கு எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்து வைத்துவிட்டுப் போவது நலம். விடுப்பில் வந்த நாற்பது நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்பது நடவாது.

அந்த அண்ணன் மகனுக்கும் நடக்கவில்லை. குழி பாதியில் நிற்க, அவர் விமானம் ஏறிவிட்டார். தாலுகா அளவருக்கு மனுக் கொடுத்து, அவர் வந்தது இரண்டு மாதம் கழித்து. மற்ற மூலைகளில் எஞ்சியிருந்த மூன்று கற்களிலிருந்து அளந்துகொண்டே வந்தார். பலாமரம் நின்ற பக்கத்தில் ஓரிடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னார். ஒரு முழ ஆழத்தில் கல் இருந்தது. யாரும் எதிர்பாராத இடம். இருவர் கயிற்றுக்கும் நடுவே அன்று. தம்பி மகனின் கயிற்றுக்கும் ஒன்றரை அடி மேற்கே. ஊசி நகர்ந்தது பாதி, அன்றைய சங்கிலிக்காரரின் கைத்தவறு பாதி என்று நாம் எண்ணுகிறோம். அவர் கேட்டதைவிடக் கூடுதலாகவே தம்பி மகனுக்கு நிலம் கிடைத்துவிட்டது. தென்னையும் அவர் பக்கத்தில் போயிற்று.

அந்தத் தென்னை, மகன் பிறந்த ஆண்டில் பெரியம்மை தம் கையால் நட்டது. அன்று மாலையே தம்பி மகன் குழியைத் தாமே நின்று மூடுவித்தார். மதிலைக் கல் நின்ற இடத்தில் எழுப்பினார்கள். தென்னைக்கு நேரே மட்டும் ஓர் ஆள் நுழையும் அளவு இடம் விட்டிருக்கிறார்கள். காய் வெட்டும் நாளில் முதற்குலை பெரியம்மையின் திண்ணைக்கு வந்துவிடுகிறது. அவரோ, நம்மைக் காணும்போதெல்லாம், “இப்ப வடக்கு எங்க இருக்கு மக்களே?” என்று கேட்பதை இன்னும் விடவில்லை.